கரண்டி யார் கையில்: பாலும் முந்திரியும் ஆகாத பிள்ளைக்கு லாட்ஜ் அறையில் 41 நாள் சாப்பாடு

சென்னையில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டாலும் சுற்றியுள்ள தெருக்களில் வரிசையாக லாட்ஜ்கள் இருக்கும். அறை வாடகை, வெந்நீர் விடும் நேரம், 'அறைக்குள் சமைக்கக் கூடாது' என்ற மூன்றும் ரிசப்ஷன் சுவரில் எழுதியிருக்கும். மூன்றாவதைப் பெரும்பாலானோர் படிப்பதுகூட இல்லை. தெருமுனையில் ஹோட்டல் இருக்கிறது, எதிரே டீக்கடை இருக்கிறது, அப்புறம் என்ன. ஆனால் நான் எழுதப்போகும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரியில்தான் சிக்கலே ஆரம்பித்தது.

நான் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். இந்தக் குடும்பத்தைச் சந்தித்தபோது அவர்கள் லாட்ஜுக்கு வந்து 12 நாள் ஆகியிருந்தது. முந்தின இரவு பையன் மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு வந்திருந்தான். பெயர்களைச் சொல்லவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். சாப்பாடு சம்பந்தப்பட்டதை மட்டும் மாற்றவில்லை.

வந்த காரணம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பம். பையனின் அப்பாயிக்கு, அதாவது அப்பாவைப் பெற்றவருக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 'கரண்டு வைக்கணும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கதிர்வீச்சைத்தான் நம் ஜனங்கள் கரண்டு என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 25 முறை வெளிக்கதிர் (உடம்புக்கு வெளியிலிருந்து), அதன் பிறகு உள்கதிர் (கருவியை உள்ளே வைத்து). ஆக ஒன்றரை மாதம் சென்னையிலேயே இருந்தாக வேண்டும். மகன் சிங்கப்பூரில் வேலை. மருமகள்தான் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்து வயதுப் பையனை ஊரில் விட்டுவரலாம் என்றால் அவன் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்க யாருக்கும் துணிச்சல் இல்லை. நாத்தனார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாராம்: "அண்ணி, எல்லாம் பாத்துக்குறேன். அவன் சாப்பாட்டை மட்டும் என் தலையில கட்டாதீங்க. தப்பித்தவறி ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

பையனுக்கு ஏழு மாதத்தில் முதன்முதலாகப் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுத்திருக்கிறான். மூன்று வயதில் கல்யாண வீட்டில் ஒரு முந்திரி கேக், உதடு வீங்கிவிட்டது. அதன் பிறகு திருச்சியில் சோதனை செய்து பால், முந்திரி, பிஸ்தா மூன்றும் ஒவ்வாது என்று உறுதி செய்திருக்கிறார்கள். முந்திரி ஆகாதவர்களில் பெரும்பாலானோருக்குப் பிஸ்தாவும் ஆகாது. இரண்டின் புரதமும் அவ்வளவு நெருக்கம். வேர்க்கடலை, தேங்காய், முட்டை, மீன், சோயா எல்லாம் அவன் வீட்டில் சாப்பிட்டு வந்தவைதான். இந்தக் கதையில் அவனுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் இது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பால் ஜீரணமாகாமல் வயிறு உப்புவது வேறு, பால் அலர்ஜி வேறு. முன்னதில் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றோடு போய்விடும். பின்னதில் பாலின் புரதத்தை உடம்பு எதிரியாகப் பார்க்கிறது. ஒரு சொட்டே போதும். காய்ச்சினாலும் கேசின் புரதம் அப்படியே இருக்கும். 'மாட்டுப்பால்தானே ஆகாது, ஆட்டுப்பால் கொடுங்க' என்று பையனின் அம்மாவுக்கு அறிவுரை சொன்னவர்கள் ஒரு டஜன் பேர் இருப்பார்கள். பசுவின் பால் ஆகாத பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. எருமைப்பாலும் அப்படித்தான்.

ஊரில் இதெல்லாம் பெரிய பாரமாகவே இல்லை என்றார் அந்த அம்மா. "எங்க வீட்ல என் அடுப்பு மேடம். எதுல எது பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்." நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட முதல் வாக்கியம் அதுதான்.

இரண்டு சம்பவங்கள்

நான்காம் நாள் இரவு. தெருமுனை ஹோட்டலில் "நெய் வேணாம், எண்ணெய் தோசையா போடுங்க" என்று சொல்லி வாங்கியிருக்கிறார். எண்ணெய் தோசைதான் வந்தது. ஆனால் அதே கல்லில் அதற்கு முன்பு வார்த்தது நெய் ரோஸ்ட். தோசை மாஸ்டர் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு அடுத்த தோசையை ஊற்றுவார். கல் பார்க்கப் பளபளவென்று இருக்கும். கால் மணி நேரத்தில் பையனுக்குக் கழுத்திலும் முதுகிலும் தடிப்பு, அப்புறம் இரண்டு முறை வாந்தி. கைவசம் இருந்த ஏவில் என்ற அரிப்பு மருந்து சிரப்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

அடங்கிவிட்டதுதான் ஆபத்தாகப் போயிற்று. ஒவ்வாத பொருள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தோலில் தடிப்பும் அதோடு வாந்தியும் சேர்ந்து வந்தால், அதாவது உடம்பின் இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டால், மருத்துவக் கணக்கில் அது அனாபிலாக்ஸிஸ்தான், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமைத் தாக்குதல். மூச்சு முட்டினால்தான் என்று இல்லை. அதற்கு மருந்து அட்ரினலின். ஏவில் அரிப்பைக் குறைக்கும், தொண்டை வீக்கத்தையோ ரத்த அழுத்தம் இறங்குவதையோ நிறுத்தாது. அன்று ஏவிலோடு பிழைத்தது தற்செயல். அந்தத் தற்செயல் 'ஏவில் கொடுத்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டது.

பதினோராம் நாள் இரவு, வேறொரு ஹோட்டல். தோசையே வேண்டாம், ஆவியில் வெந்ததுதான் பத்திரம் என்று இடியாப்பம் கேட்டிருக்கிறார். நல்ல யோசனை. கூடவே குருமா வந்தது. சப்ளையரிடம் கேட்டிருக்கிறார்: "தம்பி, குருமால முந்திரி இருக்கா?" "இல்லக்கா, தேங்காதான்." பையன் நான்கைந்து வாய் சாப்பிட்டதும் தொண்டையைச் செருமத் தொடங்கினான். பிறகு இருமல், குரல் கம்மிவிட்டது, வாந்தி. ஆஸ்பத்திரி இருநூறு அடி தூரம். தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அவசரப் பிரிவில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, அடங்கிய பிறகும் மறுபடி கிளம்பலாம் என்பதால் இரவு முழுக்கப் படுக்க வைத்திருந்தார்கள். அவசரத்துக்கென்று அவரிடம் இருந்த அட்ரினலின் ஆம்பூல் (ஊசி மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி)? அது லாட்ஜ் அறையில், பெட்டிக்கு அடியில், துணிப்பையில் பத்திரமாக இருந்தது.

மறுநாள் மாலை நானே அந்த ஹோட்டலுக்குப் போனேன். சண்டை போட இல்லை, தெரிந்துகொள்ள. அந்த சப்ளையர் தம்பிக்கு இருபது வயது இருக்கும். அவன் பொய் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை முந்திரி என்றால் பொங்கல் மேலே பொன்னிறமாகக் கிடப்பது. குருமாவில் அப்படி எதையும் அவன் பார்த்ததில்லை. குழம்பு, குருமா வைக்கும் சரக்கு மாஸ்டரிடம் கேட்டேன். "தேங்கா, கசகசா, சோம்பு, பச்ச மொளகா, கொஞ்சம் உடைச்ச முந்திரி. அதெல்லாம் காலையிலயே அரைச்சு வச்சிருவோம்மா." அரைத்து வைத்ததற்குப் பெயர் அங்கே 'மசாலா'. முந்திரி என்று யாரும் சொல்வதில்லை. காலையில் அரைப்பவர் ஒருவர், மதியம் கொதிக்க வைப்பவர் ஒருவர், இரவு ஊற்றுபவர் ஒருவர். நடுவில் முந்திரி பெயரை இழந்துவிடுகிறது.

கேள்வியும் தப்புதான். 'இருக்கா?' என்று கேட்டால் கடையில் நிற்பவர் 'இல்லை' என்றுதான் சொல்வார். 'இதுக்கு என்னென்ன அரைச்சுப் போட்டீங்க?' என்று மாஸ்டரிடம் கேட்டால் பட்டியல் வரும். இன்னொன்று, 'சேராது', 'ஒத்துக்காது' என்கிற நம் சொற்கள். கத்திரிக்காய் சேராது, குளிர்ந்த தண்ணி ஒத்துக்காது என்று நாம் நாள் முழுக்கச் சொல்கிறோம். அதனால் 'பிள்ளைக்குப் பால் ஒத்துக்காது' என்றால் எதிரில் இருப்பவருக்குச் சளி பிடிக்கும் என்றுதான் கேட்கும். 'அலர்ஜி' என்றால் அரிப்பு. இந்தப் பாஷைக் குழப்பம் எத்தனை பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அறையின் நிலவரம்

பையனின் எடை வந்த அன்று 16.4 கிலோ, பன்னிரண்டாம் நாள் 15.7. முதல் சம்பவத்துக்குப் பிறகு பயத்தில் அந்த அம்மா ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கைப்பிடி வெறும் சோறு, இரவு இரண்டு இட்லி, இடையில் இரண்டு பூவன்பழம். கூட்டிப் பார்த்தால் 600 கலோரியைத் தாண்டவில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு 1360 கலோரி, 16 கிராம் புரதம், 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். இவன் எடைக்குச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் பாதிதான் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை லாட்ஜ் அறையைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கட்டில், ஒரு ஸ்டூல், குளியலறையில் ஒரே ஒரு வாஷ்பேசின். ஸ்டூல் மேல் ஒரு தூக்குச்சட்டியில் மோர். அப்பாயிக்கு.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இடுப்புப் பகுதியில் கரண்டு வைப்பவர்களில் பலருக்கு இரண்டாம் வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கு வரும். அப்பாயிக்கும் வந்திருந்தது. தயிர்சாதம், மோர் என்று சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். சொன்னது எங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர்தான், சரியாகத்தான் சொன்னார், ஆனால் அந்த அறையில் இன்னொரு ஆள் இருக்கிறான் என்று கேட்கவில்லை. ஆக பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒருவருக்கு மோர் மருந்து, இன்னொருவருக்கு அதுவே விஷம். இருவருக்கும் ஒரே டம்ளர், ஒரே ஸ்பாஞ்சு, ஒரே வாஷ்பேசின். அப்பாயி வேறு பாசத்தில் தயிர்சாதம் சாப்பிட்ட கையால் பேரன் வாயைத் துடைத்துவிடுவார். 'எனக்கு மோரே வேணாம் ஆத்தா, எம் பேரன் நல்லா இருந்தா போதும்' என்று மருமகளிடம் அழுதிருக்கிறார். நோயாளியைப் பட்டினி போட்டுப் பையனைக் காப்பாற்றுவது ஒரு வழியே இல்லை.

முதல் வேலையாக அறையைப் பிரித்தோம். ஜன்னல் பக்கக் கட்டில் அப்பாயிக்கு. மோரும் தயிர்சாதமும் அங்கே மட்டும். அவருடைய தட்டு, டம்ளர், கரண்டியில் சிவப்பு நூல். பையனுக்குப் புதிதாக ஒரு எவர்சில்வர் தட்டு, இரண்டு டிபன் பாக்ஸ், ஒரு கரண்டி. ஸ்பாஞ்சு இரண்டு நிறத்தில். பாத்திரம் கழுவும் வரிசையில் எப்போதும் பையனுடையது முதலில். சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரி வாசம் பழகியவர்கள் சானிடைசரைத் தடவிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது கிருமியைக் கொல்லும், பால் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது.

அடுப்பில்லாத சமையல்

அடுத்தது லாட்ஜ் மேனேஜர். இண்டக்ஷன் அடுப்புக்கு அவர் சம்மதிக்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய ஒயரிங், போன வருடம் ஒரு அறையில் சுவிட்ச் கருகியிருக்கிறது. கெட்டிலைப் பற்றிக் கேட்டபோது யோசித்தார். "ரூம்ல வேணாம்மா. இங்க ரிசப்ஷன்ல என் கண் முன்னாடி வச்சுக்குங்க. நம்மகிட்டயே ஒரு கெட்டில் இருக்கு, எடுத்துக்குங்க." அந்தக் கெட்டிலைத் திறந்து பார்த்தேன். அடியில் பழுப்பாக ஒரு படலம். எத்தனையோ பேர் அதில் பிள்ளைக்குப் பால் காய்ச்சியிருக்கிறார்கள். அந்த அம்மா நன்றி சொல்லி மறுத்துவிட்டு, 750 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கி வந்து, மூடியில் பிளாஸ்திரி ஒட்டி 'தண்ணி மட்டும்' என்று எழுதினார்.

வெந்நீர் கிடைத்துவிட்டால் பாதி சமையலறை வந்த மாதிரி. அகலவாய்ப் பிளாஸ்கில் நொய்க் கஞ்சி வைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். முதல் முயற்சி சொதப்பல். அவரிடம் இருந்தது காபி வாங்கும் ஒடுக்கமான பிளாஸ்க்; உள்ளே போன நொய் பாதி வெந்தும் வேகாமலும் ஊறி, கழுத்தில் அடைத்துக்கொண்டு வரவே இல்லை. ஸ்பூன் காம்பால் குத்திக் குத்தி எடுத்தோம். அகலவாய்ப் பிளாஸ்க் வாங்கிய பிறகு முறை சரியாக அமைந்தது. வறுத்த நொய் ஒரு கைப்பிடி, பாசிப்பருப்பு அரைக் கைப்பிடி, இரண்டையும் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பிளாஸ்கே சூட்டைக் குடித்துவிடும். பிறகு ஊறிய நொய், பருப்பு, உப்பு, சீரகம் போட்டுத் தளதளவென்று கொதிக்கும் நீரை விளிம்பு வரை ஊற்றி இறுக்கி மூடி, ஒரு துண்டைச் சுற்றிப் படுக்கப்போட வேண்டும். மூன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பருப்பு விரலில் மசிகிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 68 டிகிரி. 60க்குக் கீழே இறங்காத வரை பயமில்லை. திறந்தால் உடனே சாப்பிட்டு முடிக்க வேண்டும், மீதியை இரவுக்கு வைக்கக் கூடாது. ஆறிய சோற்றில் பெருகும் கிருமி சூடுபடுத்தினாலும் விடாது. இதே நம்பிக்கையில் யாரும் ராஜ்மாவைப் பிளாஸ்கில் போட்டுவிடாதீர்கள். அது நன்றாகக் கொதித்து வேகாவிட்டால் நச்சு.

முட்டையும் கெட்டிலில்தான். தண்ணீர் கொதித்துத் தானாக அணைந்ததும் மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டு, மறுபடி ஒரு கொதி. கெட்டியாக வெந்துவிடுகிறது.

முட்டையைப் பற்றி யோசித்தபோதுதான் ஒன்று பளிச்சென்று பட்டது: தன் தோலோடு வரும் சாப்பாட்டுக்கு யாருடைய கரண்டியும் தேவையில்லை. அவித்த முட்டை, வாழைப்பழம், இளநீர், அவித்த வேர்க்கடலை, அப்போது வரத் தொடங்கியிருந்த மாம்பழம். மாமரமும் முந்திரி மரமும் ஒரே குடும்பம் என்பதால் அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் பையன் ஊரில் வருடாவருடம் மாம்பழம் தின்றவன். தொடரச் சொன்னேன்.

இன்னொரு பாதி ஊரிலிருந்து வந்தது. சாப்பாட்டுப் பொறுப்பு வேண்டாம் என்று சொன்ன அதே நாத்தனார்தான், அண்ணி போனில் சொல்லச் சொல்ல, வாணலியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுப் பருப்புப் பொடியும் அவலும் வறுத்த நொய்யும் கடலை உருண்டையும் தயார் செய்து பஸ்ஸில் போட்டுவிட்டார். வாரம் ஒரு பை, கிளாம்பாக்கத்தில் போய் எடுக்க வேண்டும். ஒரு பையில் முறுக்கும் இருந்தது. "வெண்ணெய் போட்டியா?" என்று போனிலேயே கேட்டார். ஒரு நிமிடம் சத்தமில்லை. போட்டிருந்தார். முறுக்கு மேனேஜருக்குப் போயிற்று.

பொடியும் நல்லெண்ணெயும் கையில் இருந்தால் இட்லி வெறும் இட்லியாகவும் சோறு வெறும் சோறாகவும் இருக்காது. இரண்டு டீஸ்பூன் எண்ணெயிலேயே 90 கலோரி ஏறிவிடுகிறது. நம் பாட்டிமார் யாத்திரைக்குப் பொடி கட்டிக்கொண்டு போனது சும்மா இல்லை.

இட்லிக்கு அம்மா உணவகம். 2013 முதல் ஒரு ரூபாய் இட்லி. விலைக்காக அல்ல, பட்டியல் குறைவு என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்தோம். ஐம்பது வகை டிபன் போடும் ஹோட்டலில் ஐம்பது கரண்டி ஒன்றோடொன்று உரசும். காலையில் இரண்டே வகை போடும் இடத்தில் உரசுவது குறைவு. தினமும் அதே பெண்கள் நிற்பார்கள், முகம் பழகிவிடும். நான்காம் நாளே அங்கிருந்த ஓர் அக்கா, "தம்பி டப்பாவைக் கொண்டா" என்று தட்டிலிருந்து நேராகப் பையனின் டிபன் பாக்ஸில் இட்லியைப் போடத் தொடங்கிவிட்டார்.

மதியச் சோற்றுக்கு வழி கண்டது முழுக்க அந்த அம்மாவின் புத்தி. பக்கத்துச் சந்தில் புருஷனும் பொண்டாட்டியும் நடத்தும் மெஸ். பன்னிரண்டரைக்குப் போனால் சோற்றுக் கரண்டி தயிர் வாளிக்குப் போய்த் திரும்பி வருவதை இவர் கவனித்திருக்கிறார். அதனால் பதினொன்றே முக்காலுக்கே போய்விடுவார். அண்டாவின் மூடி திறக்கும்போது முதல் கரண்டி பையனுக்கு. ரசம் தாளித்தது எண்ணெயிலா நெய்யிலா என்று ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு. "என்ன அரைச்சீங்கக்கா?" "தேங்கா, சின்ன வெங்காயம், மொளகு. வேற ஒண்ணுமில்ல தங்கச்சி, வந்து சட்டியப் பாரு." போய்ப் பார்த்தார். நான் பத்து வருடமாகப் பேசும் 'குறுக்குக் கலப்பு' என்ற பாடத்தை 'முதல் கரண்டி' என்று இரண்டே சொல்லில் சுருக்கிவிட்டார்.

மெஸ்ஸிலும் மற்ற இடங்களிலும் காட்ட ஒரு அட்டை எழுதினோம். என் முதல் வரைவில் 'ஒவ்வாமை' என்று இருந்தது, அவர் அடித்துவிட்டார். கடைசியில் நின்ற வாசகம்: "என் மகனுக்குப் பால், தயிர், நெய், வெண்ணெய், முந்திரி, பிஸ்தா எது ஒரு சொட்டு பட்டாலும் மூச்சு அடைத்துவிடும். அதே கல், அதே கரண்டி, அதே எண்ணெய் கூடாது. அரைத்துப் போட்டதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், நாங்கள் கோபப்பட மாட்டோம்." கடைசி வரிக்குத்தான் அதிகப் பலன். இரண்டு கடைகளில் "அப்ப வேணாம்மா, எங்களுக்கு உறுதியாத் தெரியல" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த இரண்டு கடைக்காரர்கள் மேலும் எனக்கு மரியாதை.

பாக்கெட் சாமான்களில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டை வகைகள், சோயா, கோதுமை போன்றவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எள் அந்தப் பட்டியலில் இல்லை. இவனுக்கு எள் ஆகும் என்பதால் பிழைத்தோம். ஆனால் அந்த எழுத்துகள் ஆங்கிலத்தில், எறும்பு அளவில் இருக்கும். அவருக்கு ஆங்கிலம் தடவித்தான் வரும். மில்க், வே (பால் திரிந்த தண்ணீர்), கேசின், பட்டர், கீ, கேஷ்யூ என்ற ஆறு சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, கோலம் பார்ப்பது போல வடிவத்தைப் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். கடைவீதியில் ஒரு மணி நேரம் பழகினோம். அவர் எடுத்த ஒன்பது பிஸ்கட்டில் எட்டில் பால். பிரெட்டிலும் பால். பேக்கரியில் தட்டில் அடுக்கியிருப்பதற்கு லேபிளே கிடையாது, அந்தப் பக்கமே வேண்டாம். கிடைத்தது 200 மில்லி சோயா பால் பெட்டி. உடைத்தால் உடனே குடித்து முடிக்கும் அளவு, பிரிட்ஜ் தேவையில்லை.

ஊசி

அட்ரினலினைத் தொடையில் வைத்து அழுத்தினால் தானாகப் போடும் பேனா வெளிநாட்டில் சாதாரணம், இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் சிரிஞ்சும்தான். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பையனுக்கான அளவை மருத்துவர் ஒரு மில்லி சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டி, காலி சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து ஆறு முறை பழக்கினார். முதல் இரண்டு முறை ஆம்பூலை உடைக்கையில் அந்த அம்மாவின் கட்டைவிரலில் கீறல். மூன்றாவதிலிருந்து துணி சுற்றி உடைக்கக் கற்றுக்கொண்டார். இனி பை பையன் இருக்கும் இடத்தில் இருக்கும். ஏப்ரல் வெயிலில் ஆம்பூல் காயக் கூடாது, பிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. பச்சைத்துணிப் பையில் சுற்றி அவர் தோளிலேயே தொங்கியது. தடிப்போடு வாந்தியோ இருமலோ சேர்ந்தால் முதலில் ஊசி, பிறகு 108, ஏவில் எல்லாவற்றுக்கும் பிறகு. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வைக்கலாம்.

மீதி நாட்கள்

எல்லாம் வெற்றி என்று எழுதினால் பொய். கால்சியத்தைச் சாப்பாட்டால் எட்டவே முடியவில்லை. மருத்துவர் சிரப் எழுதினார், அதில் பால் சேர்மானம் இல்லை என்று பார்த்த பிறகுதான் வாங்கினோம். அப்பாயியை உள்கதிருக்கு அழைத்துப்போன நாட்களில் காலை முதல் மாலை வரை வார்டு வாசலில் காத்திருப்பு. கஞ்சி தவறியது, அவலும் தேங்காய்ச் சில்லும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் அன்பைச் சமாளிப்பது தனிப்பாடு. ஒரு பெரியம்மா பையன் கையில் கோவில் சர்க்கரைப் பொங்கலை வைத்து, "சாமி பிரசாதம், ஒண்ணும் பண்ணாது" என்றிருக்கிறார். நெய், முந்திரி இரண்டும் ஒரே தொன்னையில். பையன் சாப்பிடவில்லை. "எங்கம்மாகிட்ட அட்டை இருக்கு பாட்டி, படிச்சுட்டுக் குடுங்க" என்றானாம்.

இருபத்தேழாம் நாள் ஒரு சின்னத் தடிப்பு, வாயைச் சுற்றி மட்டும். எதனால் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாயியின் தலையணை உறையாக இருக்கலாம் என்று அந்த அம்மா நினைக்கிறார். உறைகளையும் பிரித்தோம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பும்போது எடை 16.6. கெட்டிலையும் ரிசப்ஷனிலிருந்து வாங்கிக்கொண்டார். வேறு யாருக்காவது விட்டுப்போகலாமே என்று மேனேஜர் கேட்டதற்கு, "இல்லண்ணே, நாளைக்கே யாராச்சும் இதுல பால் காய்ச்சிருவாங்க" என்றாராம்.

ஜூனில் அப்பாயியின் மறுபரிசோதனைக்கு வந்தபோது பார்த்தேன். பையன் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தான். அரசுப் பள்ளி, காலை உணவுத் திட்டம் இருக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல். "சமைக்கிற அக்கா வீட்டுக்கு ஸ்கூல் தொறக்குறதுக்கு முந்தியே போயிட்டு வந்துட்டேன் மேடம்" என்றார் அந்த அம்மா. "பொங்கல் அன்னைக்கு மட்டும் இவனுக்கு டப்பா." "மத்த நாளு?" என்று கேட்டேன். "அதான் பேசிக்கிட்டு இருக்கோம். அந்த அக்கா நல்லவங்கதான். ஆனா அங்க கரண்டி ஒண்ணுதான் இருக்கு. நான் ஒண்ணு வாங்கிக் குடுத்தா தப்பா நெனப்பாங்களோ?"